வனஜாவின் காதில் விழாத வெப்சைட்

போன புதன்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே குரலில் இப்படிச் சொல்லின:

“வணக்கம். இன்றைய அறிவிப்பு. தலைவர் ஃபைனல் நியூ டூ.”

அதோடு நின்றுவிட்டது.

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், “இன்னா மேட்ச்சுப்பா?” என்று பக்கத்தில் விசாரித்தார். நான் படகுச் சங்க அலுவலக வாசலில் நின்று லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எதற்கு லட்டு? அன்று காலையில்தான் சங்கத்தின் புது வெப்சைட்டைத் திறந்துவைத்திருந்தோம். செய்து கொடுத்தவன் நான். சால்வைகூடப் போட்டார்கள்.

மிச்ச லட்டை வாசல் திட்டில் வைத்தேன். ‘தலைவர் ஃபைனல் நியூ டூ’ என்றால் என்ன என்று அந்தத் துறைமுகத்திலேயே தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அது ஒரு ஃபைலின் பெயர். படத்தைச் செய்து கொடுத்த பிளெக்ஸ் கடை பாபு வைத்த பெயர். நான் அதை மாற்றாமல் அப்படியே ஏற்றியிருந்தேன்.

ஒலிபெருக்கியில் பேசியது வனஜா. காசிமேட்டில் அவரைத் தெரியாதவர்கள் உண்டு. அவர் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. காற்று எவ்வளவு, கடல் எப்படி, எந்தப் படகு எந்தப் பக்கம் கட்ட வேண்டும், யார் நங்கூரம் காணாமல் போனது... எல்லாம் அவர் சொன்னால்தான் செய்தி. அவருக்குக் கண் தெரியாது. பதினெட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அதனால் நானும் இத்தோடு விடுகிறேன்.

வேலை செய்யும் விதம்தான் அதிசயம். சங்கத்து கிளார்க் அறிவிப்புகளை வெப்சைட்டில் டைப் செய்து ஏற்றுவார். வனஜாவின் போனில் திரையைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. நீங்களும் நானும் கேட்டால் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும், அவ்வளவு வேகம். ஒரு காதில் இயர்போன், வாய்க்கு எதிரே மைக். போன் சொல்லச் சொல்ல அரை நொடி பின்னால் இவர் குரல் வந்துகொண்டே இருக்கும். யோசிக்கிற இடைவெளியே இல்லை. அதனால்தான் அந்த ஃபைல் பெயரும் தடுக்கப்படாமல் வெளியே வந்துவிட்டது.

நான் மைக் அறைக்கு ஓடினேன். காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“வா அண்ணாத்த. குந்து. இத்த கேளு.”

இயர்போனை நீட்டினார். வேகத்தைக் குறைத்து வைத்தார், எனக்காக.

“படம்,” என்றது போன். “படம். செயலாளர் கரெக்‌ஷன் ஃபோர். படம்.”

“நேத்து வரைக்கும் காத்து எத்தினி, அல எத்தினின்னு சொல்லிகினு இருந்த போனு. இன்னிக்கு படம் படம்னு உயிர வாங்குது. இன்னா பண்ணி வெச்சிகீற நீ?”

என்ன செய்து வைத்தேன்?

பழைய வெப்சைட்டும் நான் செய்ததுதான். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, நாலே வரி. ஆறு வருடம் அதைக் கேட்டுத்தான் வனஜா அறிவிப்பு சொன்னார். சங்கத் தலைவருக்கு மட்டும் அது பிடிக்கவே இல்லை. “இன்னாப்பா இது, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் மாறி கீது. நம்ம பேனரு மாறி வாணாம்? பார்த்தா அப்டியே மெர்சலாவணும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கும் பேனர்தான், கருமாதிக்கும் பேனர்தான். பிளெக்ஸில் வராத விஷயம் நடக்காத விஷயம். அதில் ஒரு இலக்கணமும் உண்டு — தலைவர் முகம் ஆள் உயரம், செயலாளர் முகம் அதில் பாதி, கமிட்டி உறுப்பினர்கள் தபால்தலை அளவு. பாபு அதில் மன்னன். தலைவரைக் கடல்மேல் நடக்கவிட்டு, பின்னால் சூரியனை உதிக்கவிட்டு, ஓரத்தில் ஒரு வஞ்சிரத்தைத் துள்ளவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் அன்றைய காற்று, அலை, அறிவிப்பு எல்லாவற்றையும் வண்ண எழுத்தில் படமாகவே போட்டுக் கொடுத்தான். தினமும் புதுப் படம் அனுப்பவும் ஒப்புக்கொண்டான். நான் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். கண்ணுக்கு ஜோராகத்தான் இருந்தது.

கண்ணுக்கு. படத்துக்குள் இருக்கிற எழுத்து வனஜாவின் போனுக்கு எட்டாது.

அன்றைக்கு கிளார்க் படத்தைப் பார்த்து வரி வரியாகப் படிக்க, வனஜா அதைக் கேட்டு மைக்கில் திருப்பிச் சொன்னார். தலைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா வனஜா. கிளார்க்கு சொல்றாரு, அத்தயே நீ திருப்பி சொல்ற. அப்போ அவரே மைக்ல சொல்லிட்டா போவுதே? ரெண்டு பேரு இன்னாத்துக்கு? உனக்கு வேற எதுனா பாத்து குடுக்கலாம். திங்கக்கெழம கமிட்டில பேசிக்கலாம்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் யோசிக்க ஆரம்பித்தால்தான் எனக்குப் பயம்.

அவர் போன பிறகு வனஜா மைக்கின் வயரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“வேறன்னா இன்னா அண்ணாத்த? பாவம்னு ஒரு நாற்காலி போட்டு குந்த வெப்பாங்க. டீ வாங்கி குடுப்பாங்க. எனக்கு வாணாம். இங்க நான் பேசுனா எரநூறு படகு கேக்குது. திங்கக்கெழமக்குள்ள என் போன பேச வெய்யி. அவ்ளோதான்.”

ஒரு மனுஷியின் வேலையை ஆறு படங்களால் நான் மூடிவிட்டிருந்தேன். என் கையில் நான்கு நாள்.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. திருவொற்றியூரில் லேத் பட்டறை, எண்ணூரில் உப்பளம், மாதவரத்தில் ஏறி நாக்பூர் வரைக்கும் லாரி கிளீனர்... எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. நடுவில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். மூட்டைகளின் மேல் கறுப்பு மையில் குறி போட்டிருக்கும் — இந்தப் பக்கம் மேலே, நனையக்கூடாது, கொக்கி போடாதே. அந்தக் குறி சரக்கு இல்லை. ஆனால் அந்தக் குறி இல்லாவிட்டால் சரக்கு கதி அதோகதி. முதுகு ஒருநாள் ‘போதும்’ என்றது. ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு மதியம், ஆளில்லாத நேரம். ஏதோ ஒரு பக்கத்தில் மவுசின் வலது பொத்தானை அமுக்கிவிட்டேன். ‘வ்யூ சோர்ஸ்’ என்று ஒன்று இருந்தது. அமுக்கினேன். பக்கத்தின் உள்பக்கம் திறந்துகொண்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாலும் பின்னாலும் சின்னச் சின்னக் குறிகள். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழி...

அட, மூட்டைமேல் போட்ட குறி!

அதுதான் எச்டிஎம்எல். அந்தக் குறிகளுக்கு ‘டேக்’ என்று பெயர். டேக் சரக்கு இல்லை, சரக்கு என்னவென்று சொல்லும் குறி. அதற்கு முன்னோர்கள் அச்சகத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ‘இது தலைப்பு, இதைப் பெரிசாகப் போடு’ என்று குறிப்பு எழுதிய ஆட்கள். பிறகு பெரிய கம்பெனிகள் தங்கள் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்க, தடித்தடியான விதிகளோடு ஒரு குறிமொழி செய்தன. அது சாமானியனுக்கு எட்டாது. ஐரோப்பாவில் ஒரு அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர், ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் காகிதம் பரிமாறிக்கொள்ள, அதிலிருந்து ஒரு கைப்பிடி டேக்குகளை மட்டும் எடுத்து, இணைப்பு கொடுக்கும் வசதியையும் சேர்த்து ஊருக்கு விட்டுவிட்டார். ஆரம்பத்தில் படம் போடக்கூட அதில் வழி கிடையாது. அடக்கமான பிள்ளை.

அடக்கமாக இருக்க விடுவோமா நாம்?

பிரவுசர் செய்கிற கம்பெனிகளுக்குள் சண்டை. ‘என்கிட்ட எழுத்து மினுக்கும்’ என்றது ஒன்று. ‘என்கிட்ட எழுத்து ஓடும்’ என்றது இன்னொன்று. மினுக்க ஒரு டேக், ஓட ஒரு டேக், கலருக்கு ஒரு டேக். நான் அந்தக் காலத்து மாணவன். என் முதல் பக்கத்தில் ‘வெல்கம்’ சிவப்பு நிறத்தில் வலமிருந்து இடமாக ஓடியது. நாலு பேர் பார்த்தார்கள். நாலு பேருக்கும் தலைவலி.

பிறகு டேபிள் வந்தது. கணக்குப் பட்டியல் போடத்தான் அதைக் கொடுத்தார்கள். நாங்கள் அதை வைத்து வீடு கட்டினோம். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் — வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மாதிரி. தமிழ் எழுதுவது தனிக் கூத்து. ஃபான்ட் டேக் போட்டு, கீழே கிறுக்குத்தனமான ஆங்கில எழுத்துகளை அடித்து, மேலே தமிழ் முகமூடி மாட்டுவோம். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஈர மணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். யூனிகோடு வந்த பிறகுதான் தமிழ் தமிழாகவே உள்ளே போய் உட்கார்ந்தது.

அப்புறம் ‘உடம்பு வேறு, துணி வேறு’ என்று சிலர் சொன்னார்கள். கலர், அளவு, அலங்காரம் எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து சிஎஸ்எஸ் என்று இன்னொரு மொழிக்குக் கொடுத்தார்கள். நல்ல யோசனை. அதோடு விட்டார்களா? எக்ஸ்எச்டிஎம்எல் என்று ஒரு கண்டிப்பான வாத்தியாரைக் கொண்டுவந்தார்கள். அவருடைய சட்டத்தை முழுசாகக் கடைப்பிடித்தால், திறந்த டேக்கை மூட மறந்த ஒரே குற்றத்துக்குப் பக்கமே திறக்காது. வகுப்புக்கு வெளியே நில்.

எனக்குப் பழக்கமான இடம்தான் அது.

ஆனால் உலகத்தின் பாதி வெப்சைட்டை என்னை மாதிரி வெளியே நின்ற ஆட்கள்தானே எழுதியிருந்தார்கள்? அவற்றை என்ன செய்வது? கடைசியில் பிரவுசர் செய்கிறவர்களே கூடிப் பேசினார்கள். எச்டிஎம்எல் ஐந்து வந்தது. தப்பாக எழுதினால் அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதையே அதன் விதிப்புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். தப்பு செய்கிறவனுக்கு நாற்காலி ஒதுக்கிய விதிப்புத்தகம் வேறு எங்காவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போதே சேர்கிறேன்.

அதைவிட முக்கியம் ஒன்று. ‘எப்படித் தெரிய வேண்டும்’ என்று அலைந்து திரிந்த மொழி, மறுபடி ‘நான் என்ன’ என்று சொல்லும் வேலைக்குத் திரும்பியது. இது முகப்பு, இது முக்கியப் பகுதி, இது வழிகாட்டும் பட்டை... இவ்வளவு தூரம் அது சுற்றி வந்த பிறகு நான் என்ன செய்தேன்? அதன்மேல் பிளெக்ஸை விரித்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். வெள்ளியும் சனியும் உட்கார்ந்தேன். தலைவர் பேனர் மேலே அப்படியே இருக்கட்டும், கை வைத்தால் வம்பு. அதன் கீழே கமிட்டி உறுப்பினர்கள் பெயர், காற்று, அலை, படகு கட்டும் இடம், காணாமல் போனவை — எல்லாவற்றையும் எழுத்தாகவே போட்டேன். தலைப்புகளைப் பெரிய எழுத்தில், தடிமனாக, நீலத்தில் வைத்தேன். பார்க்க அழகு. சனிக்கிழமை மதியம் வனஜாவிடம் கொண்டுபோனேன்.

கேட்டார். முகம் மாறவில்லை.

“பேசுது அண்ணாத்த. ஆனா மூச்சு வுடாம பேசுது. மொதல்ல கமிட்டி பேரு மொத்தமும் வருது. அப்பால யாரோ வல காணோம்ன்றான், நடுவுல காத்து எங்கியோ போயிட்ச்சி. கரையில ஆளுங்க கயிற அவுத்துகினு கீறானுங்க. அவனுக்கு மொதல்ல காத்து வோணும். நான் எப்டி தாண்டறது?”

“தலைப்பு போட்டுகீறனேம்மா. பெரிசா, நீலத்துல...”

“நீலமா,” என்றார் வனஜா. “ரொம்ப சந்தோஷம்.”

சுளீர் என்றது.

இத்தனை வருடம் கழித்தும் என் கை பழைய ராயபுரம் கையாகவே இருந்தது. எழுத்தைப் பெரிசாக்கினேன், நீலமாக்கினேன் — ‘இது தலைப்பு’ என்று மட்டும் சொல்லவே இல்லை. பார்க்கிறவனுக்கு அது தலைப்பு. போனுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். கொக்கி போடாதே என்று மூட்டையில் எழுதாமல், மூட்டைக்கு நீலப் பெயின்ட் அடித்த கதை.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். நாலு தலைப்பு. நாலுக்கும் தலைப்பு என்று சொல்லும் அசல் டேக். அது இருந்தால்தான் போன் தலைப்புக்குத் தலைப்பு தாண்டும். கால் மணி நேர வேலைகூட இல்லை. வனஜா திரைமேல் விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினார்.

“காற்று,” என்றது போன்.

இன்னொரு தள்ளு. “அலை.”

இன்னொன்று. “படகு கட்டும் இடம்.”

வனஜா திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டே இருந்தார். மேலே, கீழே, மேலே. புது வீட்டில் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பார்களே, அந்த மாதிரி. “இது முன்ன பழைய பக்கத்துல கூட இல்லியே அண்ணாத்த,” என்றார். இல்லைதான். அங்கே நாலே வரி என்பதால் தாண்ட வேண்டிய அவசியம் வரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி கூடியது. புதுப் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டேன். தலைவர் புருவத்தைத் தூக்கினார்.

“கீழ இன்னாத்துக்கு இவ்ளோ எழுத்து? பேனரு போதுமே. கிளார்க்கு பாத்து படிக்கட்டும்னு அன்னிக்கே பேசிட்டமே.”

எல்லாத் தலைகளும் ஆடின. வனஜா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை.

எனக்குப் பேச வராது. “தலைவரே, ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கோங்க” என்று மட்டும் சொன்னேன். மூடினார். புதன்கிழமை திறந்துவைத்த பக்கத்தை வனஜாவின் போனில் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, மேஜைமேல் வைத்தேன்.

“தலைவர் ஃபைனல் நியூ டூ,” என்றது போன். “படம்.”

“இன்னாது?” தலைவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

“அது நீங்கதான், தலைவரே.”

“நான் எங்க?”

“அதான், படம். கண்ணு தெரியாதவங்களுக்கு மட்டும் இல்ல, நெட்ல உங்க பேர தேடுற மெஷினுக்கும் நீங்க படம்தான். பேரு கெடையாது. மூஞ்சி கீது, பேரு இல்ல.”

செயலாளர் மெதுவாக, “அப்போ நானு?” என்றார்.

“கரெக்‌ஷன் ஃபோர்.”

தலைவர் மேஜையைத் தட்டினார். “இன்னாய்யா பேஜாரா கீது. முப்பது வருஷம் கடல்ல சுத்திட்டு, கடைசில நான் நியூ டூவா? எல்லாத்தியும் எழுத்துல போடு. என் பேரு வரணும். பட்டமும் வரணும்.”

படத்தைப் பற்றி எழுத்தில் சொல்லிவைக்க எச்டிஎம்எல்லில் ஒரு இடம் உண்டு. அங்கே அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கடல் காத்த காவலர், ஏழைகளின் கலங்கரை விளக்கம், வாரி வழங்கும் வங்கக் கடல்... இன்னும் ஆறு. முடிந்ததும் போன் அதைப் படித்தது. படித்து முடிப்பதற்குள் செயலாளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கமிட்டி கை தட்டியது.

“அறிவிப்பு எல்லாம் எழுத்துல வரட்டும்,” என்றார் தலைவர், முகமெல்லாம் ஒளியாக. “வனஜாவே சொல்லட்டும். போனுக்கு அந்தம்மாதான் தோஸ்து. கிளார்க்கு வேற வேல பாக்கட்டும்.”

வனஜா டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ஆறிப்போயிருக்கும்.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி பேசியது. வணக்கம். காற்று தென்கிழக்கிலிருந்து. அலை மிதம். ஒரு தடங்கல் இல்லை. கரையில் எவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிறு அவிழ்த்துக்கொண்டே கேட்டார்கள். எல்லாம் சரியாக நடந்தால் அப்படித்தான்.

நான் மைக் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு சந்தேகம் என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

“வனஜா, டெய்லி அத்தினி பட்டத்தியும் கேட்டு முடிச்சப்பாலதான் காத்துக்கு வரணுமா? தப்பு பண்ணிட்டனா?”

அவர் இயர்போனைக் கழற்றாமலே சிரித்தார்.

“தலைவரா? ஒரு தள்ளு அண்ணாத்த. காத்து வந்துரும்.”

இதை நீங்கள் தலைவரிடம் சொல்லிவிட மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அவர் இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிப்பதில்லை — இதில் படம் கிடையாது.